அரசு வேலைவாய்ப்பு ஆபீஸ் கேரியர் கவுன்சிலிங் (பெங்களூர்): போயிட்டு வந்த அனுபவம்

ஸ்ரீராமபுரம், ஓகலிபுரம், அல்சூர் பக்கம் இருக்குற நம்ம ஜனங்களுக்காகத்தான் இத எழுதறேன். நம்ம பசங்க எஸ்எஸ்எல்சி, பியூசில (பதினொண்ணு, பன்னெண்டாங் கிளாஸ்) எங்கயாச்சும் சறுக்கிட்டா அடுத்து என்னன்னு சொல்றதுக்கு வீட்ல ஆள் கிடையாது, மாமா ஒண்ணு சொல்வாரு பக்கத்து வீட்டு அக்கா ஒண்ணு சொல்வாங்க, கடைசில பையன் டெலிவரி பைக்க எடுத்துட்டு கிளம்பிடுவான்.

எங்க அக்கா பையன் ஃபர்ஸ்ட் பியூசில ரெண்டு சப்ஜெக்ட்ல ஃபெயில். அவனோட அண்ணன் முன்னாடியே ஒரு சென்டர்ல மூணு மாச ஃப்ரீ கோர்ஸ் போனவன்தான், பாதி நாள் சாரே வரமாட்டாராம், கையெழுத்து போட்டுட்டு வந்துடுவானாம், சர்டிபிகேட் மட்டும் கரெக்டா வந்துச்சு. வேலைன்னு குடுத்தது பஸ்ல ரெண்டு மணி நேரம் தள்ளி, சம்பளத்துல பாதி போக்குவரத்துக்கே போயிடும், ஒரே மாசத்துல விட்டுட்டான். அதுலேர்ந்து கவர்மென்ட் ட்ரெய்னிங்னாலே அக்காவுக்கு ஆகாது. நான்தான் அடம்புடிச்சு சின்னவன அரசு வேலைவாய்ப்பு ஆபீஸ் கவுன்சிலிங்குக்கு கூட்டிட்டு போனேன், எங்க வீட்டுக்காரரையும் சேர்த்து.

முன்னெல்லாம் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச்னா பேர பதிஞ்சுட்டு லெட்டர் வருமான்னு வருஷக்கணக்கா காத்திருக்கணும். 2015-ல மத்திய அரசோட வேலைவாய்ப்பு சேவை, நேஷனல் கேரியர் சர்வீஸ் வந்தப்புறம் வேலை தேடுறதோட கவுன்சிலிங்கும் அதுக்குள்ள வந்துடுச்சு. பதியறதுக்கு பைசா கிடையாது, யாராச்சும் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்னு கேட்டா குடுக்காதீங்க.

அங்க கவுன்சிலிங் குடுக்குற மேடம் கன்னடத்துல ஆரம்பிச்சாங்க, நாங்க பேசறத பாத்துட்டு தமிழுக்கு மாறிட்டாங்க. மார்க்ஸ் கார்ட ஓரமா வச்சுட்டு, “வீட்ல ஃபேன் ஃப்ரிட்ஜு ரிப்பேர் ஆச்சுன்னா யாரு தம்பி பாப்பாங்க”ன்னு கேட்டாங்க. “சித்தப்பா கூட நான்தான் மேடம் போவேன்”னான். அரை மணி நேரம் அவன்கிட்ட மட்டும்தான் பேசினாங்க, நடுவுல நான் வாய் திறந்தப்பகூட “இருங்கம்மா, அவரே சொல்லட்டும்”னாங்க. எங்க வீட்ல யாரும் அவன அப்படி உக்கார வச்சு கேட்டதே இல்ல, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாங்க. பியூசி போனா போகட்டும், ஐடிஐக்கு எஸ்எஸ்எல்சி மார்க்கே போதும், 14 வயசு முடிஞ்சிருக்கணும் அவ்ளோதான். ஏசி ஃப்ரிட்ஜ் டெக்னீஷியன் ட்ரேடு (தொழில் பிரிவு) ரெண்டு வருஷம், வெல்டர்னா ஒரு வருஷம். ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சா டிப்ளமோல நேரா ரெண்டாம் வருஷம் சேர வழி இருக்கு, அதனால படிப்பு நின்னுபோச்சுன்னு அக்கா அழ வேண்டியதே இல்ல. இல்லன்னா அப்ரென்டிஸா, அதாவது கம்பெனில வேலை பழகறதுக்கு போகலாம், 2019 விதில ஐடிஐ முடிச்சவங்களுக்கு மாசம் குறைஞ்சது 7,000 ஸ்டைபென்ட்னு வச்சிருந்தாங்க. மூணு மாச கோர்ஸுக்கும் ஐடிஐக்கும் என்ன வித்தியாசம்னு இவ்ளோ தெளிவா சொன்ன ஆள நான் பாத்ததில்ல, பெரியவனுக்கு அன்னைக்கே யாராச்சும் இத சொல்லியிருந்தா அவன் ஒரு வருஷம் வீணாகியிருக்காது.

எங்க வீட்டுக்காரருக்கு 41 வயசு, 18 வருஷமா வீட்டு வயரிங் பண்றாரு, கையில ஒரு காகிதம் கிடையாது. இப்ப அபார்ட்மென்ட் கான்ட்ராக்ட்னா சர்டிபிகேட் கேக்குறாங்க. ஏற்கெனவே தெரிஞ்ச வேலைக்கு டெஸ்ட் வச்சு சர்டிபிகேட் குடுக்குற ஆர்பிஎல்னு ஒண்ணு இருக்கு, மறுபடியும் முதல்லேர்ந்து படிக்க வேணாம். ஆனா மேடம் ஒண்ண அழுத்தி சொன்னாங்க: அந்த சர்டிபிகேட் வேற, கர்நாடகா மின் ஆய்வுத்துறை குடுக்குற வயர்மேன் பர்மிட் வேற, ஒண்ணு கையில இருந்தா இன்னொன்னு வந்துடுச்சுன்னு நினைக்காதீங்க. இவரு அதுவரைக்கும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தாரு!

கைத்தொழில் பண்றவங்களுக்கான மத்திய அரசோட விஸ்வகர்மா திட்டமும் கேட்டோம், 2023-ல ஆரம்பிச்சது. அதுல 18 தொழில்தான், எலக்ட்ரீஷியன் இல்ல. டெய்லர் இருக்கு, அதனால எங்க மாடில தைக்கிற அக்காவுக்கு சொல்லியிருக்கேன், ட்ரெய்னிங் நாளைக்கு 500 ரூபா, கருவி வாங்க 15,000, அப்புறம் 5% வட்டில முதல்ல ஒரு லட்சம் வரைக்கும் லோன். வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான்.

குறைன்னா, எல்லாம் ஆபீஸ் நேரத்துலதான். தினக்கூலிக்கு போறவங்க ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டுத்தான் வரணும், எங்களுக்கே அன்னைக்கு ஒரு வேலை போச்சு. ஞாயித்துக்கிழமை அரை நாள் திறந்து வச்சா எத்தன பேர் வருவாங்க. மேடம் ஒருத்தர்தான், வெளிய உக்காந்திருந்தவங்க நிறைய, மதியத்துக்கு மேல வந்தவங்கள நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. எங்க நிக்கணும்னு காட்ட ஒரு போர்டுகூட இல்ல, ரெண்டு க்யூல மாறி மாறி நின்னோம்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். காலைல சீக்கிரம் போங்க, ஆதார், மார்க்ஸ் கார்டு, டிசி எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க, முக்கியமா பையனையோ பொண்ணையோ கூடவே கூட்டிட்டு போங்க, நீங்க மட்டும் போயி ஃபார்ம் வாங்கிட்டு வராதீங்க. எங்க பையனுக்கு ஐடிஐ சீட் கிடைச்சிடுச்சு, ஏசி ட்ரேடுதான். அக்கா போன வாரம் பெரியவனையும் கூட்டிட்டு அதே மேடத்த பாக்க போயிருந்தா.