டி-டாப் ‘அலைன்மென்ட்’ என்ற பெயரில் சிலிகான்: பழைய கார்வெட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

1976 கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, அமெரிக்காவில் கிளாசிக் கார்களுக்கென்றே நடக்கும் ஒரு கராஜுக்குப் போனது. புகார் இரண்டுதான். மழையில் ஓட்டுநர் பக்கம் ஒழுகுகிறது. வேகம் பிடித்தால் கூரையில் விசில் சத்தம். இதன் கூரை டி-டாப்: நடுவில் ஒரு பட்டை, இரு பக்கமும் கழற்றக்கூடிய ஒவ்வொரு பேனல். அவற்றைச் சரியாக உட்கார வைப்பதுதான் அலைன்மென்ட். பில்லில் ‘டி-டாப் அலைன்மென்ட், இரு பக்கமும், புது வெதர்ஸ்ட்ரிப்’ (தண்ணீரை அடைக்கும் ஓர ரப்பர்) என்று எழுதி, முழுத் தொகையும் வாங்கிக்கொண்டார்கள். வண்டி திரும்பி வந்த பிறகு பேனலைக் கழற்றிப் பார்த்தால், புது ரப்பருக்கு அடியில் விரல் தடிமனுக்கு வெள்ளைச் சிலிகான். பேனலைப் பூட்டும் முன் லாட்ச் கொக்கி வளைந்திருக்கிறது. லாட்ச் போல்ட்டைச் சுற்றி பேனலின் ஃபைபரில் (ஃபைபர்கிளாஸ்) நட்சத்திரம் போல விரிசல். ஒழுகலும் நிற்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால், அடுத்தவர் ஏமாற வேண்டியதில்லை.

1968 முதல் 1982 வரை வந்த இந்தத் தலைமுறை கார்வெட்டின் கூரையை முதலில் நடுப்பட்டை இல்லாமல் ஒரே துண்டாகக் கழற்றும்படிதான் திட்டமிட்டார்கள். பாடி முறுக்கிக்கொண்டதால்தான் நடுவில் அந்தப் பட்டையே வந்தது. அதாவது கூரைத் திறப்பின் அளவு, கீழே பாடி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே மாறும். கூரையில் கை வைத்து வேலையைத் தொடங்குகிற கராஜ், ஒன்று விஷயம் தெரியாதது, இல்லை தெரிந்தே சுருக்குவழி பார்ப்பது.

வேலை கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் பாடி மவுண்ட். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில், கதவுக்கு முன்னும் பின்னும் உள்ள மவுண்டுகளில் ரப்பர் நசுங்கினாலோ, ஷிம் (உயரம் சரிசெய்ய இடையில் வைக்கும் மெல்லிய தகடு) துருப்பிடித்துக் கரைந்தாலோ, பாடியின் நடுப்பகுதி இறங்கும். நடு இறங்கினால் முன் கண்ணாடிச் சட்டமும் கூரையின் பின் வளைவும் மேலே ஒன்றையொன்று நெருங்கும், திறப்பு குறுகும், பேனல் உட்கார மறுக்கும். 1/16 அங்குல ஷிம் ஒன்றைச் சேர்த்தாலே மேலே வித்தியாசம் தெரியும். வண்டி நான்கு சக்கரத்தில், சமதரையில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி நிறுத்தி எடுத்த அளவு எதற்கும் உதவாது. இரண்டு திறப்புகளிலும் மூலைக்கு மூலை அளவு டேப் பிடித்துப் பாருங்கள். இடமும் வலமும் ஒத்துப்போகவில்லை என்றால் பேனலைத் தொடவே கூடாது.

அடுத்தது கதவுக் கீல், கதவு இடைவெளி. அதன் பிறகுதான் பேனல், அதுவும் ரப்பர் எதுவும் இல்லாமல். வெறும் பேனலை வைத்து நான்கு பக்க இடைவெளியையும் உயரத்தையும் பார்க்க வேண்டும். முன் ஓரம் கண்ணாடிச் சட்டத்தைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கலாம், உயர்ந்திருக்கக் கூடாது. உயர்ந்தால் காற்று அடியில் நுழையும், விசில் அங்கிருந்துதான். லாட்ச் பிடிக்கும் தட்டை நகர்த்தியோ, அடியில் ஷிம் வைத்தோ உயரத்தைச் சரிசெய்யலாம். கொக்கியை வளைத்துச் சரிசெய்வது வேலை அல்ல, நாசம். வேறு வண்டியிலிருந்து எடுத்த பேனல் என்றால் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரு வண்டியில் அளவாக உட்கார்ந்த பேனல் இன்னொன்றில் அப்படியே உட்காரும் என்று எண்ண வேண்டாம்.

ரப்பர் அதற்குப் பிறகு. புது ரப்பர் விறைப்பாக இருக்கும், லாட்ச் உடனே விழாது. அங்கேதான் அவசரக்காரர்கள் முழங்கையை ஊன்றி அழுத்துகிறார்கள், ஃபைபர் பிளக்கிறது. பாதி பூட்டி வெயிலில் நிறுத்தினால் சில நாளில் ரப்பர் தணியும். அப்போதும் விழாவிட்டால் ரப்பர் தவறான வடிவம், அல்லது உயரம் தவறு. ஒட்டுவதற்கு வெதர்ஸ்ட்ரிப் பசை மட்டுமே. சிலிகான் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: வினிகர் வாடை அடிக்கும் வகை சிலிகான் இறுகும்போது அமிலம் விடும். கார்வெட்டின் வெளிப்புறம்தான் ஃபைபர்; கண்ணாடிச் சட்டம் இரும்பு. பெயின்ட் உரிந்த இடத்தில் அது துருவைத் தொடங்கி வைக்கும். பின்னால் சுரண்டி எடுத்தாலும் எச்சம் நிற்கும், பெயின்ட்டும் பசையும் ஒட்டாது.

கடைசியாகக் கதவுக் கண்ணாடி. இதைத்தான் யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் கதவு உள்பேனலைக் கழற்ற வேண்டும். கண்ணாடியின் உயரம், உள்சாய்வு, முன்பின் மூன்றுக்கும் உள்ளே போல்ட் இருக்கிறது. ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து ஏற்றி, இழுத்துப் பாருங்கள். நீளம் முழுக்க ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். தளர்ந்து வருகிற இடம்தான் ஒழுகுகிற இடம்.

உண்மையில் கூரையா ஒழுகுகிறது என்பதையே இந்தக் கராஜ் சோதிக்கவில்லை. பேனலின் எல்லா விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நாசில் இல்லாத ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும். டேப் ஒட்டிய பிறகும் கால் கம்பளம் நனைந்தால், குற்றவாளி பெரும்பாலும் முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையிலிருக்கும் துரு, டி-டாப் அல்ல. நம் வண்டியில் அதுதான் நிலைமை. தோளோ இருக்கையோ நனைந்தால் மட்டும் மேலே தேடுங்கள், முக்கியமாக இரண்டு ரப்பர்கள் சந்திக்கும் முன் மூலையை. டேப்பைப் பிரித்த பிறகு ஹோஸைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். பிரஷர் வாஷர் அடித்தால் புது வண்டியும் ஒழுகும்.

வேலைக்கு விடும் முன் கேட்க வேண்டியவை: பாடி மவுண்டைப் பார்ப்பீர்களா, கதவு உள்பேனலைக் கழற்றுவீர்களா, தண்ணீர் சோதனையை என் முன்னால் செய்வீர்களா. மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும். பேனலின் உட்புறத்தையும் லாட்ச் போல்ட் இருக்கும் இடத்தையும் முன்னதாகவே படம் எடுத்து வையுங்கள். ‘விரிசல் பழையது’ என்றுதான் முதலில் சொல்வார்கள், இங்கேயும் அதையே சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் எழுத்து மதிப்பீடும் உங்கள் ஒப்புதலும் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. கழற்றிய பழைய பாகங்கள் வேண்டுமென்றால் வேலையை ஒப்படைக்கும்போதே கேட்டுவிட வேண்டும். புகாருக்கு அங்கே பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் இருக்கிறது. மற்ற மாநிலங்களில் விதி வேறு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் மறுப்புத் தெரிவிக்கலாம். சிலிகானைச் சுரண்டுவதற்கு முன் அதையும் படம் எடுத்துவிடுங்கள்.