வலைக்குடில், கண்ணாடிக்குடில், வளர்ப்பறை: செடி நோய்க்கிருமியை எங்கே பூட்டி வைப்பது?

சென்னையில் செடி நோய் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியதும் பலரும் கேட்பது, இந்த மூன்றில் எது உசத்தி என்று. அந்தக் கிருமி எதில் ஏறி ஊர் சுற்றுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உண்டாக்கும் வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ. ஈயை அடைத்தால் நோயும் அடைபடும். 50 மெஷ் வலை (ஓர் அங்குலத்துக்கு 50 துளை), இரட்டைக் கதவு, உள்ளே மஞ்சள் ஒட்டுப்பொறி போதும். கதவு இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். செலவு குறைவு, கரண்ட் போனாலும் வலை வலைதான். ஒரு குறை, புயல். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களையே சாய்த்தது, வலைக்குடில் எம்மாத்திரம்? புயல் எச்சரிக்கை வந்ததும் நோயுற்ற செடிகளை அழிப்பதா, கட்டடத்துக்குள் மாற்றுவதா என்பது முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய முடிவு.

அதே வலைக்குடிலில் நெல் குலை நோயை வைப்பது பெரிய தவறு. காற்றில் பரவும் அந்தப் பூஞ்சையின் வித்து (ஸ்போர்) சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு நீளம். வலையின் துளை அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். செங்கல்பட்டு, திருவள்ளூர் நெல் வயல்கள் எட்டாத தூரத்தில் இல்லை.

காற்றில் பரவும் கிருமிக்குக் கண்ணாடிக்குடில் என்பார்கள். வெளியேறும் காற்றில் உள்ள வித்துகளை ஹெப்பா (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும்) வடிகட்டி பிடித்து, உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைவாக வைத்தால் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் சென்னையின் மே மாத வெயிலில் மூடிய கண்ணாடி அடுப்பாகிவிடும். செலவைக் குறைக்க, காற்றைக் குளிர்விக்கும் ஈரப் பேடும் (நீர் ஊறிய அட்டை) மின்விசிறியும் வைக்கிறார்கள். இங்குள்ள புழுக்கத்தில் அது சரியாகக் குளிராது. அதைவிட மோசம், அந்த விசிறி உள்காற்றை வித்துகளோடு வெளியே தள்ளும். அப்போது அது அடைப்பே அல்ல. ஏசிதான் வழி. ஏசி என்றால் மின்கட்டணம், ஜெனரேட்டர், வடிகட்டி மாற்றும் செலவு எல்லாம் வருடா வருடம். கரண்ட் போய் வெளியேற்றும் விசிறி மட்டும் நின்று, உள்ளே ஊதும் விசிறி ஓடினால் அழுத்தம் தலைகீழாகிவிடும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்படி இணைக்காத கட்டடத்தை ஏற்கவே கூடாது.

அதனால் குலை நோய்க்கு என் தேர்வு, ஆய்வுக்கூடத்துக்குள் வைக்கும் வளர்ப்பறைதான், அதாவது விளக்கொளியில் செடி வளர்க்கும் மூடிய பெட்டி. செடிகள் குறைவு, வெளிச்சம் வெயிலுக்கு ஈடாகாது. இருந்தும் நாற்றுகளில் நோய் எதிர்ப்பைச் சோதிக்க இது தாராளம். வாங்கும்போது காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். வடிகட்டி இல்லாத துவாரம் இருக்கும் பெட்டி, வித்துகளை அறைக்குள் கொட்டும்.

மண்ணில் வாழும் கிருமிக்குச் சுவர் இரண்டாம்பட்சம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் அறிஞர் டி. எஸ். சதாசிவன் ஆராய்ந்த பருத்தி வாடல் நோயின் ஃபியூசேரியம் பூஞ்சை, மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். இங்கே பார்க்க வேண்டியது தொட்டிக்கு அடியில் தட்டு, வடிநீர் சேரும் கலன், தரையின் உயரம். 2015 டிசம்பர் போல வெள்ளம் புகுந்தால் அந்த மண் எங்கே போகும் என்று யோசித்துவிட்டு இடம் தேர்ந்தெடுங்கள். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் கலன்) 121 டிகிரியில் 15 நிமிடம் என்பது வளர்ப்பு ஊடகத்துக்கான (கிருமி வளர்க்கும் சத்துக் கலவை) கணக்கு. மண்மூட்டையின் நடுவில் சூடு ஏற அதைவிட நெடுநேரம் ஆகும்.

எந்தக் குடிலானாலும் ஆட்கள் வெளியே போய் வருகிறார்கள். நம் மாணவர்களில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். சனிக்கிழமை ஊருக்குப் போய் வயலில் இறங்குவார்கள். கோட்டும் செருப்பும் உள்ளேயே தங்க வேண்டும்.

இங்கே இல்லாத வெளிநாட்டுக் கிருமி என்றால் மூன்றுமே வேண்டாம். நோய் கண்டறியும் சோதனையைச் சரிபார்க்கத்தான் தேவை என்றால், உயிருள்ள வளர்ப்புக்குப் பதில் அதன் டிஎன்ஏவை மட்டும் முறையான அனுமதியோடு வரவழைத்தாலே வேலை முடிந்துவிடும்.