பம்பனெய்ரா போகிறவர்கள் கவனத்துக்கு: கைத்தறி என்று சொல்லி விற்ற விரிப்பு

தெற்கு ஸ்பெயினில் கிரனாடா வரை போகிறவர்கள் சியர்ரா நெவாடா மலையின் தென்சரிவில் உள்ள வெள்ளை ஊர்களையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். போன மாதம் நானும் அக்காவும் அங்கே போய் ஏமாந்தோம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். மூன்று ஊரையும் நடந்தே காட்டுகிறேன் என்று ஆளுக்கு 35 யூரோ ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டோம், கடைசியில் தருகிறேன் என்றார். பம்பனெய்ராவில் நாலு சந்து, தெருவிலேயே ஓடும் வாய்க்கால், அவ்வளவுதான். நாற்பதாவது நிமிடம் ஒரு கடையில் கொண்டுபோய் விட்டார். பிறகு ஆளையே காணோம்.

அந்தக் கடையில்தான் ஹராபா. பழைய துணியைப் பட்டையாகக் கிழித்துத் தறியில் நெய்கிற விரிப்பு, அந்த மலையின் கைத்தொழில். என் அம்மா கையால் நெய்தது என்றார் கடைக்காரர். அக்கா 90 யூரோ கொடுத்து வாங்கினாள்.

ராத்திரி அறையில் பிரித்தோம். ஓரத் தையலில் வெட்டியெடுத்த லேபிளின் மிச்சம், அதில் சலவைக் குறி பாதி. மறுநாள் தறி போட்டிருந்த வேறொரு பட்டறையில் காட்டினோம். அங்கிருந்த அம்மா எதுவும் சொல்லாமல் தன் விரிப்பின் கரையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பட்டை திரும்புகிற இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக விரலில் தட்டியது. எங்களுடையது மெஷினில் நெய்ததுபோல, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாங்குவதற்கு முன் கரையைத் தடவிப் பாருங்கள், பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பம்பனெய்ராவிலிருந்து புபியோனுக்கு ஏற வழிகாட்டி தேவையே இல்லை. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜிஆர்-7 நடைபாதை இருக்கிறது.

ஏமாந்துவிட்டால் "ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்" என்று கேளுங்கள். அது அரசாங்கப் புகார்ப் படிவம். இந்த ஊர்கள் இருக்கும் அந்தலூசியா மாநிலத்தில் எல்லாக் கடையிலும் இருந்தாக வேண்டும். விரிப்பு வாங்கிய கடையில் எங்களிடம் முதலில் இல்லை என்றார்கள், போலீஸைக் கூப்பிடுகிறோம் என்றதும் மேசைக்கடியிலிருந்து வந்தது. 10 வேலைநாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். தரவில்லை. எங்கள் பிரதியை லேபிளின் படத்தோடு நுகர்வோர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.