எம்.ஜி.பி. காரில் பற்றவைப்பு அட்வான்ஸ்: ஆறு ஆண்டு அனுபவம்

1967-இல் தயாரான எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை ஷெஃபீல்டில் ஆறு ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். 1798 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின், எஸ்.யு. எச்.எஸ்.4 கார்புரேட்டர் இரண்டு, சிலிண்டர்களுக்கு முறைப்படி தீப்பொறியை அனுப்பும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் என எல்லாம் அந்தக் காலத்து அமைப்பிலேயே இருக்கின்றன. வாங்கிய புதிதில் ஸ்நேக் பாஸ் மலைச்சாலையில் ஏறும்போதெல்லாம் வண்டி இழுவையின்றித் திணறும். வெப்பமானி ஊசி மேலே போகும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் சில சுற்றுகள் குலுங்கிவிட்டுத்தான் நிற்கும். கார்புரேட்டர்தான் காரணம் என்று நம்பி ஒரு கோடைக்காலம் முழுவதையும் அதிலேயே செலவழித்தேன். குறை இருந்ததோ டைமிங்கில், அதாவது தீப்பொறி விழும் நேரத்தில்.

கையேட்டின்படி இந்த எஞ்சினுக்கு, ஓடாத நிலையில், பிஸ்டன் உச்சத்தைத் தொடுவதற்கு 10 டிகிரி முன்பு தீப்பொறி விழ வேண்டும். இப்படி முந்தி விழும் அளவுதான் அட்வான்ஸ்; டிகிரி என்பது க்ராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) சுற்றும் கோணம். எஞ்சினை ஓடவிட்டு, தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கில் பார்த்தால் 600 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 600 சுற்று) 14 டிகிரி. எனக்கு முன்பு இதைப் பார்த்த பட்டறை அந்த 14-ஐச் சரியாகவே வைத்திருந்தது. ஆனால் அது ஐடிலிங்குக்கான, அதாவது மிதியை அழுத்தாமல் எஞ்சின் ஓடும் நிலைக்கான எண் மட்டுமே. மலை ஏறும்போதும் நெடுஞ்சாலையில் ஓடும்போதும் எஞ்சினுக்குத் தேவைப்படுவது, வேகம் கூடக்கூட டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து சேர்த்துத் தரும் மொத்த அட்வான்ஸ். அதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

என் வண்டியில் டைமிங் குறிகள் க்ராங்கின் முனையில் உள்ள புல்லியின் அடிப்பக்கத்தில் இருப்பதால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க முடியும். புல்லியின் பள்ளத்தில் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு வைத்தேன். இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளும் இருக்கைக்குப் பின்னால் இருப்பதால், விளக்குக்குத் தனியாக ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைப் பயன்படுத்தினேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும் பாசிட்டிவ் எர்த் வண்டியில் கம்பியை மாற்றிக் கொடுத்துவிடும் அபாயமும் இதனால் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்கு எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டுவரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, மனைவியிடம் மிதியை மெதுவாக அழுத்தச் சொன்னேன். 3500 ஆர்.பி.எம். வரை போயும் வெள்ளைக் கோடு 22 டிகிரியைத் தாண்டவில்லை. 30-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டியது.

டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) பொருத்திய தட்டைக் கழற்றியபோது காரணம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது: பழைய கிரீஸ் பிசின்போல இறுகி, எடைகள் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டன. சுத்தம் செய்து லேசாக எண்ணெய் விட்டதும் விரலால் தள்ளினாலே விரிந்து, விட்டதும் ஸ்பிரிங்குகள் இழுத்துக்கொண்டன. டிஸ்ட்ரிபியூட்டரின் மேலே சுழலும் ரோட்டாரை எடுத்தால் நடுவில் ஒரு திருகு தெரியும். அதன் தலையில் அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாயிண்டைத் திறக்கும் கேமில் பொறித்திருந்த எண் 10; எடைகள் அதிகபட்சம் சேர்க்கும் டிகிரி அது. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், க்ராங்கில் அது 20 டிகிரி.

அதன் பிறகு நான் மேலிருந்து கீழாகவே அமைக்கிறேன். முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைப்பேன், ஏனெனில் இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறிவிடும். பிறகு எடைகள் முழுவதும் விரிந்த வேகத்தில் மொத்தம் 32 டிகிரி வருமாறு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குவேன். ஐடிலிங்கில் அது எங்கே நிற்கிறதோ அதை ஏற்றுக்கொள்வேன். என் எஞ்சினில் அது 12-ஐ ஒட்டி நிற்கிறது. டைமிங் முடிந்த பிறகுதான் கார்புரேட்டரைத் தொடுவது. முதல் முறை அமைத்து ஸ்நேக் பாஸ் ஏறியபோது மூன்றாம் கியரிலேயே வண்டி மேலே போனது, ஊசியும் நடுவிலேயே நின்றது. அணைத்த பின் குலுங்குவது வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு கூடுதல் அட்வான்ஸ் தரும் வேக்குவம் யூனிட்டையும் மறக்கக் கூடாது. என்னுடையதில் 5-13-10 என்று பொறித்திருக்கிறது: 5 அங்குல பாதரச அளவு உறிஞ்சலில் தொடங்கி, 13 அங்குலத்தில் முழுமையடைந்து, டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி தரும் என்பது அதன் பொருள். குழாயை வாயால் உறிஞ்சி நாக்கின் நுனியால் அடைத்தால், நல்ல டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) அந்த இழுப்பை விடாமல் பிடித்திருக்கும். என்னுடையது பிடிக்கவில்லை. மாற்றாக வாங்கியதும் எட்டே மாதத்தில் கிழிந்தது; மூன்றாவதுதான் இன்றும் உழைக்கிறது. அது வந்தபின் நெடுந்தூரப் பயணத்தில் காலனுக்கு 26 மைலாக இருந்தது 29 ஆனது.

2021 செப்டம்பரில் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆக மாறியது. ஒருமுறை வேறு வழியின்றி அதை நிரப்பி மலை ஏறியபோது, டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதுபோல மெல்லிய நாக்கிங் (எரிபொருள் சீராக எரியாமல் வெடிக்கும் சத்தம்) கேட்டது. வேக்குவம் யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய திருகை ஆர் (ரிடார்ட், அதாவது அட்வான்ஸைக் குறைப்பது) என்ற எழுத்தின் பக்கம் சற்றுத் திருப்பியதும் சத்தம் அடங்கியது. இப்போது எத்தனால் குறைந்த இ5 சூப்பர் மட்டுமே நிரப்புகிறேன். திருகும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இந்த ஏப்ரலில் பார்த்தபோது பாயிண்டின் குதி (கேமில் உரசும் பகுதி) தேய்ந்து இடைவெளி குறைந்திருந்தது, மொத்த அட்வான்ஸ் 30-க்கு இறங்கியிருந்தது. இடைவெளியைச் சரிசெய்துவிட்டு மறுபடி அடியில் படுத்து விளக்கைப் பிடித்தேன். வெள்ளைக் கோடு 32-இல் அசையாமல் நின்றது.