நம்பிக்கை, ஐயம் பற்றி எழுதுவோருக்கு மதுரைத் திட்டம் எவ்வளவு உதவும்?

இறை நம்பிக்கையையும் அதைக் குடையும் ஐயத்தையும் பழந்தமிழ் நூல்களோடு வைத்து எழுத நினைப்பவருக்கு மூலப் பாடல் உடனே கைக்கு வர வேண்டும். அந்த வேலைக்கு மதுரைத் திட்டத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மின்னூல் தொகுப்பு இது. கட்டணமும் இல்லை, கணக்குத் திறக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் தேடுவதற்கு இதை நம்பலாம். மேற்கோள் காட்ட இதை மட்டும் நம்பக் கூடாது.

ஐயம் என்றதும் எல்லாரும் சித்தர் பாடல்களுக்கே ஓடுகிறார்கள். மணிமேகலையின் 27ஆம் காதையைத் திறந்து பாருங்கள். வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையைச் சொல்ல, கடைசியில் பூதவாதி, அதாவது உலகப் பொருள்களுக்கு அப்பால் எதுவும் இல்லை என்பவன், வருகிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறக்கிறதல்லவா, அப்படித்தான் நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது. மறுமை பொய், கண்ணால் கண்டதே மெய் என்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று மடக்குகிறாள் மணிமேகலை. நூலின் சார்பு பௌத்தம்தான். இருந்தும் எதிராளிக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற சமயங்களை ஆராயும் பகுதியான பரபக்கமும் இதே போல பிறர் கொள்கையை முதலில் நிறுத்திவிட்டுத்தான் மறுக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

இனி சிக்கல்கள். பாடல்கள் பெரும்பாலும் சீர் பிரித்தே இருக்கும், சொல் பிரித்து இராது. சிவவாக்கியரின் 'நட்டகல்லை' பாட்டைப் பிடிக்க 'புட்பம்' என்று தேடுவீர்கள். கோப்பில் 'புட்பஞ்சாத்தியே' என்று புணர்ந்து கிடந்தால் ஒன்றும் சிக்காது. கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'புட்ப' என்று மட்டும் கொடுங்கள். வல்லினம் மிகும் இடங்களிலும் இதே கதைதான். இன்னொரு வில்லங்கம், கொம்பும் காலும் தனித்தனியாக ஏறிய 'கொ', 'கோ' எழுத்துகள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சில தேடுபொறிகளுக்கு வேறு. அப்போது அந்த எழுத்து இல்லாத பக்கத்துச் சொல்லைத் தேடுவதே சுலபம். கோப்பு பழைய திஸ்கி குறியேற்றத்தில் இருந்தால் திரை முழுக்கக் கிறுக்கலாக வரும். யூனிகோடு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை, பல நூல்களுக்கு உரை கிடையாது. பரபக்கத்தை உரையில்லாமல் வாசிப்பது வீண் வேலை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் பல பழைய நூல்கள் உரையோடு இருக்கின்றன. இங்கே பாடலைக் கண்டுபிடித்து, அங்கே பொருள் பார்ப்பது நல்ல ஏற்பாடு.

மெய்ப்புப் பார்த்தவர்களின் உழைப்பு பெரிது. அவர்கள் பெயர்களைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே காணலாம். அந்தத் தலைப்பகுதியை நீக்காதவரை கோப்பை யாருக்கும் தாராளமாக அனுப்பலாம். ஆனாலும் தட்டச்சுப் பிழைகள் தப்பியிருக்கும். சித்தர் பாடல்கள், திருமந்திரம் போன்றவற்றில் பாட்டு எண்ணும் பாடமும் (பாட்டின் சொற்களும்) பதிப்புக்குப் பதிப்பு மாறும். எனவே வெறும் எண்ணைக் குறிக்காமல் முதலடியையும் சேர்த்து எழுதி, அச்சுப் பதிப்பு ஒன்றோடு ஒப்பிட்டு, அந்தப் பதிப்பின் பெயரையே அடிக்குறிப்பில் கொடுங்கள்.