6,750 ரூபாவுக்கு வந்த நகல் பெட்டி: மேசை விளையாட்டுத் தொடக்கப் பெட்டி வாங்க இருப்பவர்களுக்கு

நேற்று மாலை அந்த விற்பனையாளர் என் தொலைபேசி இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார். ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் நான்கு பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் வாசிகசாலையில் கூட்டி, ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, நடப்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு இதற்கு மிகவும் உதவும் என்று நம்பினேன். 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கெனத் தனிப் பெட்டிகள் உண்டு. 2019இல் வெளிவந்த அத்தகைய ஒன்றில் 64 பக்க விதிநூல், கதைநூல், வரைபடம், 11 பகடைகள் என வேண்டிய அனைத்தும் இருக்கும். வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 24.99 டொலர். டொலர் ஏறக்குறைய 300 ரூபா விற்கும் இந்நாளில் அது மட்டுமே 7,500 ரூபாவாகிறது. அனுப்பும் செலவும் வரியும் அதற்கு மேல். கொழும்பில் ஒரு கடையில் 14,500 ரூபா சொன்னபோது, பகற்கொள்ளை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு அழைப்பைத் துண்டித்தேன்.

அந்தக் கோபத்தில் இருந்தபோதுதான், சமூக வலைத்தளத்தில் இயங்கும் ஒரு விற்பனைப் பக்கத்தில் அதே பெட்டி 6,400 ரூபா என்று கண்ணில் பட்டது. பார்சல் கைக்கு வந்தபின் பணம் கொடுப்பதானால் 7,900 என்றும், முன்கூட்டியே வங்கியில் வைப்பிலிட்டால்தான் 6,400 என்றும் எழுதியிருந்தார்கள். எனக்குத் தயக்கம் இருந்தது. ஆகவே தொலைபேசியில் பேசினேன். எதற்காக வாங்குகிறேன் என்று அவர் பொறுமையாக விசாரித்தார். நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், “தம்பி, நானும் மஸ்கெலியாதான். நம்ம பிள்ளைகள் படிக்கிற காரியத்தில் நான் இலாபம் பார்ப்பேனா?” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் தயக்கமெல்லாம் கரைந்தது. மறுநாளே கூரியர் கட்டணம் 350 ரூபாவையும் சேர்த்து 6,750 ரூபாவை வைப்பிலிட்டேன்.

6,750 ரூபா என்பது, 2025இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஐந்து நாள் கொழுந்து பறித்த உழைப்பு. அதில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் கொடுத்தது.

மூன்று நாளில் வரும் என்றது 16 நாள் கழித்து வந்தது. பெட்டி என்று வந்தது, வர்ண நகல் ஒட்டிய மெல்லிய அட்டை. உள்ளே இருந்தவை யாரோ ஸ்கேன் செய்து அச்சடித்த தாள்கள். பக்க ஓரங்களில் நிழல் விழுந்து, சில இடங்களில் வரியின் கடைசிச் சொற்களே இல்லை. கதைநூல் 48ஆம் பக்கத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. 11 பகடைகளுக்குப் பதில் ஏழு இருந்தன. வழக்கமான இருபதுமுகப் பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும். 1க்கு நேர் எதிரே 20 இருக்க வேண்டும். இதில் 1க்கு எதிரே 12 இருந்தது. பிள்ளைகள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து முகம் முகமாகத் தேடினார்கள். 20 என்ற இலக்கமே அதில் இல்லை. தாக்கும்போது 20 விழுந்தால் அடி தவறாது என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர்கள் தேடியதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அன்றே அழைத்தேன். “கொழும்புக் களஞ்சியத்தில் கேட்டுச் சொல்கிறேன் தம்பி” என்றார். இரண்டு நாள் கழித்து, களஞ்சியப் பொறுப்பாளர் விடுமுறையில் என்றார். அதற்கடுத்து, பெட்டியைத் திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்றார். திறக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பகடைகளை நான்தான் தொலைத்திருப்பேன் என்று பழி போட்டார். கடைசியாக, “இந்த விலைக்கு இதுதான் வரும், ஒரிஜினல் வேண்டுமானால் 14,000 கொடுத்திருக்க வேண்டும்” என்று அனுப்பினார். விலை குறைந்ததன் காரணம் அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நம்ம பிள்ளைகள் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்லியது. 6,750 ரூபாவில் ஒரு சதமும் திரும்பவில்லை.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. வெளிநாட்டு விலையை ரூபாவாக்கிப் பாருங்கள். அதைவிடக் குறைவாக இங்கே யாராவது புதுப்பெட்டி என்று விற்றால் ஒதுங்கிவிடுங்கள். முன்பணம் கட்டாதீர்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள், தராவிட்டால் வாங்காதீர்கள். அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தருகிறார். கையில் காசு குறைவென்றால் அவற்றை இறக்கி, பகடைகளை மட்டும் தனியாக வாங்குங்கள். இது எனக்கு நேற்றிரவுதான் தெரியவந்தது. ஏமாந்தவர்கள் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். வைப்புச் சீட்டையும் உரையாடல்களையும் எடுத்துவைத்திருக்கிறேன், நாளை காலை நானும் அழைக்கப்போகிறேன். பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள். நான் எடுக்கவில்லை; அதைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.