பாலைவன வெயிலில் நீச்சல் குளம்: வெள்ளைப் பூச்சா, குவார்ட்ஸா, கூழாங்கல்லா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் 2016இல் வீடு வாங்கியபோது கொல்லைப்புறத்தில் ஒரு நீச்சல் குளமும் சேர்ந்து வந்தது. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் இதைக் கேட்டு யாரும் வாய் பிளக்க மாட்டார்கள். விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தால் தெருவுக்குத் தெரு நீலத் திட்டுகளாகத்தான் தெரியும். வீட்டு விலையில் அடக்கம் என்பதால் குளம் சும்மா கிடைத்ததாக நினைத்தோம். யானையைத் தானமாக வாங்கியவன் கதை என்பது அடுத்த கோடையில் புரிந்தது.

அந்தக் குளத்தின் உள்பூச்சை 2022 நவம்பரில் முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினோம். பழைய வெள்ளை பிளாஸ்டரோடு ஆறு வருடம் மல்லுக்கட்டியாயிற்று. புதுக் கூழாங்கல் பூச்சோடு மூன்று கோடை போயிருக்கிறது. நான் கூழாங்கல் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைத் தள்ளுபடி போட்டுப் படிக்க உங்களுக்கு வசதி.

வினைல் விரிப்பு, ஃபைபர் கிளாஸ் இரண்டையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்களுடையது கம்பி கட்டிக் கான்கிரீட் பீய்ச்சி வார்த்த குளம். அதற்கு மேலே பூசுவதுதான் வழி. முழுக்கக் கண்ணாடி டைல் ஒட்டலாம். அழகுதான். அந்த விலைக்கு இன்னொரு கார் வாங்கிவிடலாம் என்று மனைவி சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மிஞ்சியவை மூன்று: வெள்ளை சிமெண்டில் பளிங்குத் தூள் கலந்த பிளாஸ்டர், அதே சிமெண்டில் குவார்ட்ஸ் மணல் கலந்தது, சிமெண்டில் கூழாங்கல் பதித்தது.

விலையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குளம் நானூறு சதுர அடி, பதின்மூன்றாயிரம் காலன்; நம் கணக்கில் ஐம்பதாயிரம் லிட்டருக்கு ஒரு பிடி குறைவு. பிளாஸ்டருக்கு எங்களுக்கு வந்த விலையை ஒரு பங்கு என்று வைத்தால் குவார்ட்ஸ் ஒன்றரைப் பங்கு, கூழாங்கல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. ஆயுள் பற்றி ஒப்பந்தக்காரர்கள் பொதுவாகச் சொல்வது பிளாஸ்டருக்கு ஏழிலிருந்து பத்து வருடம், குவார்ட்ஸுக்குப் பத்திலிருந்து பதினைந்து, கூழாங்கல்லுக்கு அதற்கும் மேல். விற்கிறவர் சொல்லும் ஆயுள் என்பதை மறக்க வேண்டாம். வீட்டை விற்கும்போது போட்ட காசு திரும்புமா என்றால், குளம் பார்க்க அசிங்கமாக இல்லாமல் இருந்தால் போதும் என்பதுதான் நான் பார்த்த வரையில் நிலைமை. வாங்க வருகிறவர் பூச்சின் பெயரைக் கேட்பதில்லை.

இனி, உண்மையில் முடிவு எடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அது தண்ணீர்.

முதல் முறை இங்கே வந்த அப்பா, குழாயடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இது நம்ம கோவில்பட்டி போர் தண்ணி மாதிரில்லா இருக்கு" என்றார். தப்பில்லை. எங்கள் ஊர்க் குழாயில் வருவது கொலராடோ ஆற்றுத் தண்ணீரும் உள்ளூர் சால்ட், வெர்டி ஆறுகளின் தண்ணீரும். கொலராடோ சுண்ணாம்புப் பாறைகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சால்ட்டுக்குப் பெயரிலேயே உப்பு. ஊரில் வாளிக்குள் விடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாகப் படியுமே, அதேதான் இங்கே குளத்தின் சுவரிலும் படிகிறது.

எவ்வளவு படியும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபீனிக்ஸில் வருடத்துக்கு மழை ஏழு அங்குலம்தான். திறந்து கிடக்கும் குளத்திலிருந்து ஆவியாவது ஐந்து அடிக்குக் குறையாது. எங்கள் குளத்தின் சராசரி ஆழமே நாலேகால் அடி. அதாவது வருடத்துக்கு ஒரு குளம் தண்ணீர் அப்படியே வானத்துக்குப் போகிறது. போவது தண்ணீர் மட்டும்தான், அதிலிருந்த சுண்ணாம்பு இங்கேயே தங்கிவிடுகிறது. நாம் குழாயைத் திறந்து நிரப்ப நிரப்பப் புதுச் சுண்ணாம்பு சேருகிறது. லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று வைத்தால்கூட வருடத்துக்கு ஏழு கிலோவை நெருங்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வாங்குவது போல வருடா வருடம் ஒரு பை சுண்ணாம்பைக் குளத்தில் கொட்டுகிறோம்.

சர்க்கரை சூடான தண்ணீரில் கூடுதலாகக் கரையும். இந்தச் சுண்ணாம்புக்குக் குணம் நேர்மாறு. தண்ணீர் சூடாகச் சூடாகக் கரையாமல் சுவரைப் பிடிக்கும். ஜூலையில் எங்கள் குளத்துத் தண்ணீர் 33 டிகிரி செல்சியஸ் வரை போகும். போதாக்குறைக்குத் தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயு வெளியேற வெளியேற பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, தானாக ஏறும். அது 7.8ஐத் தாண்டினால் படிவது வேகமெடுக்கும். அதை இறக்க ஒரே மருந்து அமிலம். இங்கே கடையில் ம்யூரியாட்டிக் ஆசிட் இரண்டு காலன் கேன்கள் சேர்ந்த பெட்டியாகவே விற்கிறார்கள், பால் வாங்குவது மாதிரி வாங்கி வருவோம். கோடையில் வாரத்துக்கு ஒரு லிட்டர் ஊற்றுவது சாதாரணம்.

இங்கேதான் பூச்சு முக்கியமாகிறது. ஊரில் பாத்ரூம் தரையை ஆசிட் ஊற்றித் தேய்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டைலுக்கு ஒன்றும் ஆகாது. டைல்களுக்கு இடையே இருக்கும் வெள்ளை சிமெண்ட் மட்டும் வருடத்துக்கு வருடம் குழிந்துகொண்டே போகும். வெள்ளை பிளாஸ்டர் என்பது முழுக்க முழுக்க அந்த இடைவெளிதான். அதில் கலக்கும் பளிங்குத் தூளும் சுண்ணாம்பு வகையே என்பதால் அதையும் அமிலம் விடாது. சுண்ணாம்பு படியாமல் இருக்க அமிலம் ஊற்ற வேண்டும். ஊற்றும் அமிலம் பூச்சையே தின்னும். ஊற்றாவிட்டால் படிந்ததை எடுக்க ஆசிட் வாஷ், அது இன்னும் மோசம்.

பழைய பூச்சு எங்களுக்கு முன்பே ஒருமுறை ஆசிட் வாஷ் கண்டது. நாங்கள் 2019இல் இன்னொரு முறை செய்தோம். வந்த ஆள் அமிலத்தில் போதுமான தண்ணீர் கலக்கவில்லையோ, அதிக நேரம் விட்டாரோ, குளம் பளிச்சென்று வெளுத்தது, சுவரைத் தொட்டால் உப்புத்தாள். அடுத்த வருடமே ஆழமான பக்கத்தில் பூச்சு உரிந்து சாம்பல் நிற கான்கிரீட் திட்டுத் திட்டாக எட்டிப் பார்த்தது. குழிகளில் கருப்புப் பாசி வேர் பிடித்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் பத்து நாளில் அதே இடத்தில் திரும்ப வந்தது. "பிளாஸ்டர் வழவழப்பு, குழந்தைகள் காலுக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதல் மூன்று நாலு வருடத்துக்கு அது உண்மை. எங்கள் பழைய பிளாஸ்டர் கடைசிக் காலத்தில் இப்போதைய கூழாங்கல்லைவிடச் சொரசொரப்பு.

கூழாங்கல் பூச்சு ஏறக்குறைய நம் ஊர் மொசைக் தரை மாதிரி, தேய்த்து மட்டமாக்காத மொசைக். கலவையை ஹோஸில் பீய்ச்சி, ஆணி வைத்த செருப்புப் போட்ட ஆட்கள் குளத்துக்குள் நின்று கரணை பிடித்து இழைக்கிறார்கள். கொஞ்சம் இறுகியதும் மேலே உள்ள சிமெண்ட் பாலைத் தண்ணீர் அடித்துக் கழுவி எடுத்து, மறுநாள் மெல்லிய அமிலத்தில் அலசுகிறார்கள். கல் வெளியே தெரிகிறது. அமிலத்துக்கு முகம் காட்டுவது இனி பெரும்பாலும் கல். சிமெண்ட் நடுவே கோடு கோடாகத்தான். அந்தக் கல்லை நாம் ஊற்றும் அமிலம் ஒன்றும் செய்யாது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இரண்டு பங்கு விலை கொடுத்தேன்.

குவார்ட்ஸும் இதே தர்க்கத்தில் பாதி வழி வருகிறது. மணலை அமிலம் தொடாது. ஆனால் மணல் பொடிசு, சிமெண்ட் வெளியே தெரிவது கூடுதல். பக்கத்து ஊர் கில்பர்ட்டில் இருக்கும் நண்பர் வீட்டில் நாலு வருடமாகக் குவார்ட்ஸ். காலுக்கு நிஜமாகவே இதம், நிறமும் இன்னும் நன்றாக இருக்கிறது. அவர் பிஎச் பார்ப்பதில் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி, வாரம் இரண்டு தடவை. என்னைப் போல மறந்துபோகிற ஆளிடம் குவார்ட்ஸ் எப்படி இருக்கும் என்பதற்கு அவர் வீட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கூழாங்கல்லின் குறைகளையும் மறைக்கவில்லை. பெரிய கல் வேண்டவே வேண்டாம். கொத்தி எடுத்த புது அம்மி மாதிரி இருக்கும். நாங்கள் எடுத்தது சிறு கல் ரகம். அதிலும் முதல் கோடையில் மகள் சுவரை உதைத்து உதைத்து நீந்தி, கால் கட்டைவிரல் தோல் சிவந்துபோய் வந்தாள். "அப்பா, இது குளமா தேங்காய்த் துருவியா?" என்றாள். உள்ளே உட்காரும் திண்டில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தால் நீச்சல் உடையின் பின்பக்கம் நூல் கிளம்புகிறது. முதல் வருடம் பம்ப்புக் கூடையில் அவ்வப்போது ஒன்றிரண்டு கல் கிடைத்தது; அப்புறம் நின்றுவிட்டது. மழைக்காலப் புழுதிப் புயல் அடித்த மறுநாள், கல் இடுக்கில் போன மண்ணை எடுக்க ரோபோவை இரண்டு முறை ஓட விட வேண்டியிருக்கிறது. பழைய பூச்சில் ஒரு முறை போதும்.

நிறத்தில்தான் நாங்கள் வழுக்கி விழப் பார்த்தோம். மனைவிக்கும் எனக்கும் கருநீலம் பிடித்துப்போனது, மலைச்சுனை மாதிரி இருந்தது மாதிரிப் பலகையில். இரண்டு தெரு தள்ளி அதே நிறத்தில் ஒரு குளம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே அரையடிக்கு வெள்ளைப் படிவு, கருங்கல் தூணில் விபூதிப் பட்டை அடித்த மாதிரி. கரும்பூச்சு வெயிலை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும். மார்ச்சில் அது வரம், ஜூலையில் சாபம். கடைசியில் இளம் சாம்பலில் நீலக் கல் தூவிய ரகம் எடுத்தோம். படிவு இதிலும் உண்டு. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மாதிரிப் பலகையைக் காய்ந்த நிலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, வெயிலில் வைத்துப் பாருங்கள்.

வேலையை நவம்பரில் வைத்ததற்குக் காரணம் உண்டு. காலிக் குளத்தில் கோடை வெயில் பட்டால் பழைய பூச்சு வெடிக்கும், புதுப் பூச்சோ சீராக இறுகுவதற்குள் காய்ந்துவிடும். குளிர்காலம்தான் தோது. நிரப்ப ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது, நிறுத்திய மட்டத்தில் வளையம் விழும். ஒரு பகலும் ஓர் இரவும் ஓடியது. ஹோஸ் நுனியில் என் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டி ஆழமான மூலையில் போட்டேன். நீரின் வேகம் பச்சைப் பூச்சைக் குடையாமல் இருக்க. அடுத்த இரண்டு வாரம் காலையும் மாலையும் பிரஷ் போட்டேன். போடும்போதெல்லாம் சிமெண்ட் பாலாகக் கிளம்பும். இந்த முதல் மாதத்தை ஒழுங்காகச் செய்யாவிட்டால் மூன்றில் எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

அடுத்த கோடை 2023. ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத கோடை, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். அந்த மாதம் வெளியூர் போய்விட்டுத் திரும்பியபோது பிஎச் 8.2இல் நின்றது. நீர்மட்டத்தை ஒட்டிய டைல் வரிசையில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அமிலத்தைச் சாதாரணத்தைவிடக் கூட்டி ஊற்றி ஒரு வாரத்தில் வழிக்குக் கொண்டுவந்தேன். பூச்சில் ஒரு கீறல் இல்லை. பழைய பிளாஸ்டராக இருந்தால் அந்த அளவு அமிலம் ஊற்றக் கை நடுங்கியிருக்கும். மூன்று கோடை என்பது பெரிய அனுபவமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருபது வருடம் வரும் என்று எழுத எனக்கு வயது போதாது, குளத்துக்கும் போதாது.

எந்தப் பூச்சானாலும் சேர்ந்த சுண்ணாம்பு தண்ணீரிலிருந்து தானாகப் போகாது. மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை குளத்தைக் காலி செய்து நிரப்பத்தான் வேண்டும், அதுவும் தெருவில் விடாமல் சாக்கடைக் குழாய்க்குள். கொலராடோ ஆற்றில் 2021 ஆகஸ்டில் முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவித்த பிறகு ஐம்பதாயிரம் லிட்டரைக் கொட்டும்போது மனசு உறுத்துகிறது. லாரியில் ஆர்ஓ இயந்திரம் கொண்டுவந்து இருக்கிற தண்ணீரையே சுத்தம் செய்து தருபவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்கள் குளத்தின் கால்சியம் அளவு இப்போது 560 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 560 மில்லிகிராம். வரும் ஜனவரியில் அவர்களைக் கூப்பிடுவதாக இருக்கிறேன்.

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். மூன்று விலைப்புள்ளிகளையும் மேசையில் விரித்து, "அண்ணா, நீங்க சொல்ற மாதிரியே பண்ணிடறேன்" என்றார். இன்னும் எத்தனை வருடம் இந்த வீட்டில் இருக்கப் போகிறாய் என்று கேட்டேன். இரண்டு வருடத்தில் ஆஸ்டினுக்கு மாற்றலாகிப் போகிற யோசனையாம். வெள்ளை பிளாஸ்டரே போடு என்றேன். "அப்ப உங்க கூழாங்கல்?" என்றார் ஏமாற்றமாக. துண்டு கட்டுவதை மட்டும் மறக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.